சந்தாக் காசு

மாங்குளத்தில் மார்க்கண்டுவின் சைக்கிள் கடை.
ஒன்பது பேர், கதிரை மூன்று.
முடியாட்சி ஒழிப்புச் சங்கம்
என்று கொப்பியில் எழுதி
இருமுறை அடிக்கோடிட்டாள் பூரணம்.

சந்தா ஐம்பது சதம்.
பஞ்சர் ஒட்டும் பசை டின்னுக்குள்
ஒரே ராசா
ஒன்பது தரம் விழுந்தார்.
செத்து ஐந்து வருடம்,
இன்னும் செல்லுபடி.

தலைவர் ஆர்?
வினாசித்தம்பிக்கு நாலு கை, எனக்கு நாலு.
மார்க்கண்டு நல்ல நித்திரை.
சுண்டிப் பாப்பம் எண்டது ஒரு குரல்.
டின்னைத் துழாவி ஒன்றை எடுத்தோம்.
மேலே போய்
அரிக்கன் லாம்பில் ஒருகணம் மின்னி
கிறீசுக்குள் விழுந்தது.
தலை.

கை தட்டினார்கள்.
பேனையை மூடாமல்
பூரணம் மட்டும் கேட்டாள்:
நியமிச்சது ஆர் எண்டு எழுத?