ஒரு மணி நேர இடைவெளி

தண்ணீர், கண்ணாடி, பாறை, இரும்புச் சட்டம்,
எல்லாம் கூட்டினால் நானூற்றைம்பது கிலோ.
ஏழாவது மாடி. லிஃப்டில் நாலு பேர்தான் நிற்கலாம்.
அதனால் ஜோம்போர் போனபோது
சைக்கிளை எடுத்துக்கொண்டான்,
காப்பி இயந்திரத்தை எடுத்துக்கொண்டான்,
கடலை என்னிடம் விட்டுவிட்டான்.

சாவி அவனிடம் இருக்கிறது.
ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் நான்
யாருடைய மூச்சுத்திணறலையோ கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கும்
காலை நேரத்தில் வருவான்.
கால்சியம் பதினெட்டு மில்லி, அவன் பங்கு.
ராத்திரி சோடாக் கரைசல், என் பங்கு.
இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது வேண்டும்.
சேர்ந்திருந்த காலத்தில் ஒருநாள்
இருவரும் ஒரே மூலையில் ஊற்றிவிட்டோம்.
தொட்டி முழுக்கப் பால்.
பவளத்துக்குப் போகவேண்டியது
பம்பின் பல்லில் கல்லாகப் படிந்தது.
வினிகரில் ஊறவைத்துச் சுரண்டினேன், இரண்டு நாள்.

தொட்டியின் மூடிமேல் ஒரு நோட்டு.
காரம் 7.1. கால்சியம் 415. (அவன்)
7.0. மெக்னீசியம் பார்த்தாயா? (நான்)
மறந்துவிட்டேன். (அவன்)
ஆறு வருஷத்தில்
அவன் ஒப்புக்கொண்ட முதல் மறதி.
தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பரில் காரம் சரிந்தது.
சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன்,
நீலம் சீக்கிரமே மஞ்சளானது.
கால்சியம் மட்டும் அசையவில்லை.
காரம் ஒரு படி இறங்கினால்
கால்சியம் ஏழு புள்ளிதான் இறங்குமாம்,
நம் சோதனைக் குப்பிக்கு அது தெரியாது.
ஒன்று பசித்தால் உடனே சொல்லும்,
இன்னொன்று மாசக்கணக்கில் முகத்தில் காட்டாது.

சிவப்பு மையில் எழுதியிருந்தான்:
ரியாக்டர் வாங்கிவிடுவோம்.
வாயுவே பவளக் கல்லைக் கரைத்துக் கொடுக்கும்.
பிறகு யாரும் தினமும் வரவேண்டியதில்லை.

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.
சிலிண்டர் விலையை நாலாவது தடவை.

திஹாமேரின் கடைக்குப் போகும் வழியில்
பனிக்குத் தெருவில் தூவும் உப்பு, மூட்டை மூட்டையாக.
அதுவும் கால்சியம் குளோரைடுதானே, மலிவுதானே என்றேன்.
"தெருவில் போடுவதைத் தட்டில் போடுவாயா?" என்றார்.
அவர் அலமாரியில் கண்டது
பளபளக்கும் சீசாக்கள், மீன் படம், தங்க எழுத்து.
நான் எடுத்தது கீழ்த்தட்டில் கிடந்த டப்பா.
சுண்ணாம்பு.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு
வைக்கக் கூடாதென்பார்கள்.
இது இரண்டு கண்ணுக்கும் சுண்ணாம்பு:
கால்சியமும் காரமும் சரிசமம்.

எங்கள் பேட்டையின் பெயர் கோபான்யா, கல்குழி.
மண்ணுக்கடியிலிருந்து வெள்ளைக்கல் வெட்டி
ஊரைக் கட்டினார்கள்.
மாதாகோவில் படியில் சிப்பித் தழும்பு பார்த்திருக்கிறேன்.
இங்கே ஒரு கடல் இருந்தது,
யாரும் அளந்து ஊற்றவில்லை.
குழாயைத் திறந்தால் இன்னும் அதுதான் கொட்டுகிறது.
வடிகட்டியால் அதைத் துடைத்தெடுக்கிறேன்,
அப்புறம் காசு கொடுத்து
அதே சுண்ணாம்பைத் திரும்ப வாங்கிவருகிறேன்.

நோட்டில் எழுதினேன்:
ரியாக்டர் விலை அதிகம்.
ஆவியாகும் தண்ணீரைச் சுண்ணாம்பு நீரால் நிரப்புகிறேன்.
உன் பதினெட்டு அப்படியே இருக்கட்டும்.

ஒரு சொல்தான் பதில்: சரி.
அடியில் பொடியாக:
நத்தை கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்தி வைத்தேன்.

இன்று வேலைநேரம் மாறிவிட்டது.
காலை ஏழு, கையில் சிரிஞ்சோடு நிற்கிறேன்,
கதவில் சாவி திரும்புகிறது.
தொப்பியில் பனி. செருப்பைக் கழற்றினான்,
பழைய இடத்திலேயே வைத்தான்.
"எப்போது ஊற்றினாய்?"
"இப்போதுதான்."
கடிகாரத்தைப் பார்த்தான், நானும்.

காப்பி இயந்திரம் இல்லை.
கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.
கோப்பையில் தேநீரின்மேல்
வெள்ளைச் செதில் இரண்டு மிதந்தன.
அவன் ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தான்.