குனி, புடி, தள்ளு

என் அத்தோ கடை பெஞ்சில்
இரவானால் இரண்டு நாடுகள் வந்து உட்காரும்.

ஆஸ்திரேலியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறது.
பெயர் ரெமிஜியூஸ்.
நாலு வருஷம் கப்பலில் எண்ணெய் துடைத்தவன்;
சிட்னியில் ஒரு மழை நாளில்
யாரோ ஓசியில் தந்த டிக்கெட்டில்
ரக்பி பார்த்துவிட்டு வந்தான்.
அன்றிலிருந்து கிரிக்கெட் அவனுக்கு
மதியத் தூக்கம்.

இங்கிலாந்துக்கு மணலியில் ஷிப்ட் வேலை.
தணிகாசலம்.
லண்டனை மேப்பில்கூடத் தேடியதில்லை.
மூர் மார்க்கெட் பக்கம் ஒரு துணி மூட்டையில்
நெஞ்சில் சிவப்பு ரோஜா வைத்த வெள்ளைச் சட்டை
நூற்றியிருபது ரூபாய்க்குக் கிடைத்தது.
இரண்டு தணிகாசலம் அதில் தாராளமாகக் குடியிருக்கலாம்.
"வெள்ளக்காரனுக்கா கொடி புடிக்கிற?" என்றால்
"சட்டைக்கு விசுவாசம்பா" என்பான்.

ரெமியின் சட்டை மஞ்சள்.
அதோடு எருக்கஞ்சேரி ரோட்டில் நடந்தால்
பையன்கள் விசிலடிப்பார்கள்.
"டேய், இது வேற மஞ்ச" என்று
நின்று விளக்கி
ஒருமுறை பஸ்ஸை விட்டிருக்கிறான்.

எனக்குப் பந்தே பிடிபடவில்லை.
பப்பாளி மாதிரி இருக்கிறது,
கீழே விழுந்தால்
குடிகாரன் வீட்டுக்குப் போகிற வழியில் போகிறது.
ஓடுவது முன்னாலாம்,
பந்தைத் தருவது மட்டும்
பின்னால் வருகிறவனுக்காம்.
"நான் சீட்டு கட்றதும் அப்படித்தான்" என்றேன்.
இரண்டு நாடும் அன்றைக்குத்தான்
ஒரே பக்கம் சிரித்தன.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
எட்டே முக்காலுக்கு ஆட்டம்.
பேஜோ டப்பாவில் சாய்த்து வைத்த போன்.
வெளியே காலையிலிருந்து விடாத மழை.
தோற்றவன் ஞாயிற்றுக்கிழமை
ஜெயித்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு
காசிமேட்டில் மீன் வாங்க வேண்டும்.
பந்தயத்துக்கு நான் சாட்சி,
இரண்டு அவித்த முட்டை கூலி.

கரண்ட் போனது. போனில் ஒன்பது சதவீதம்.
இங்கிலாந்து நாலு பாயின்ட் முன்னால்.
ஆஸ்திரேலியா கோட்டுக்கு அஞ்சு மீட்டரில்
மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.
அப்போதுதான் அந்தப் பையன் ஓடிவந்தான்.
"அக்கா, சப்வேல ஷேர் ஆட்டோ மாட்டிக்கிச்சு,
உள்ள ஆறு பேரு, ஒரு கிரைண்டரு."

போனை அணைக்காமலே எழுந்தார்கள்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
கிரைண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு
ஒருவன் இறங்க மறுக்கிறான்.
லுங்கியை மடித்துக் கட்டிய நாலு பேர்,
அந்தப் பையன், அவர்கள் இருவர், நான்.
ரெமி எண்ணிப் பார்த்துவிட்டு
கண்ணெல்லாம் வெளிச்சமாகச் சொன்னான்:
"எட்டு பேருடா!"
தணிகாசலத்துக்கு உடனே புரிந்தது.
எங்களுக்குப் புரிய வைக்க நேரமில்லை.

"குனி" என்றான் ஒருவன்.
"புடி" என்றான் மற்றவன்.
யார் தோள் யாருடையது என்று தெரியவில்லை.
என் காது எவனுடைய விலாவிலோ.
வியர்வை, டீசல், சாக்கடை,
என் கையிலிருந்த பூண்டு வாசனை.
"தள்ளு!"
முதல் தரம் நாங்கள்தான் பின்னால் போனோம்.
இரண்டாம் தரம் ஆட்டோ தும்மியது.
மூன்றாவதில்
குட்டையிலிருந்து எழுகிற எருமை மாதிரி
மேலேறி
எங்கள் எட்டுப் பேர் மேலும்
சேற்றைத் துப்பிவிட்டுப் போனது.
நன்றி சொன்னது கிரைண்டர்க்காரன் மட்டும்.

திரும்பி வந்தால் போன் செத்திருந்தது.
சார்ஜ் ஏறும்வரை இருவரும்
பக்கத்தில் பக்கத்தில்
பிரசவ வார்டு வாசலில் மாதிரி நின்றார்கள்.

ஆஸ்திரேலியா. கடைசி நிமிஷத்தில்.

"நான் பாக்காத நேரத்துல ஜெயிச்சிருக்கானுங்க,
இது போங்கு" என்றான் தணிகாசலம்.
அத்தோவில் எலுமிச்சை கூடப் பிழியச் சொன்னான்.

ஞாயிறு காலை காசிமேட்டில்
மஞ்சள் சட்டையைப் பார்த்து விசில் பறந்தது.
"இது வேற மஞ்ச" என்று அவன் சொல்லவில்லையாம்.
கையைத் தூக்கிக் காட்டினானாம்.
வஞ்சிரத்தில் கிலோவுக்கு நாப்பது ரூபாய் குறைந்ததாம்.

"சட்ட எங்கடா?" என்று
தினமும் கேட்கிறான் ரெமி.
"காயுதுபா" என்கிறான்.

மழை விட்டுப் பதினோரு நாள் ஆகிறது.