மீதி ஐம்பத்தைந்து மீட்டர்

எங்கள் கூடத்தில் எண்பது கிலோ இரும்புக்கு
லொய்ஸே என்று பெயர்.
யார் வைத்தார்களோ, தெரியாது.
காலை ஏழரைக்கு விளக்கைப் போட்டால்
தொங்கிக்கொண்டே என் வணக்கத்தை வாங்கிக்கொள்வான்.
யெசெனித்சேயில் ஓர் உருக்காலைக் கொட்டகை.
ஜன்னலுக்கு வெளியே கரவாங்கே மலை,
பாதி நாள் மேகத்துக்குள்.

என் வேலை அவனைத் தள்ளிவிடுவது.
கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில்,
மறுமுனை சுவரில்,
நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஓர் உலோக விளிம்பு.
விழுவான். கயிறு நீளும். தரை அதிரும்.
பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்,
கயிறு மூச்சு வாங்கட்டும் என்று விதி.
பிறகு மறுபடியும்.
ஐந்து முறை தாங்கினால் தேர்ச்சி.
நான் அதோடு விடுவதில்லை.
ஏழாவதிலோ பத்தாவதிலோ அறும்வரை தள்ளி,
அந்த எண்ணைக் குறித்துவிட்டு
காபி குடிக்கப் போவேன்.
கடைக்காரர்கள் கயிறு திரிக்கிறார்கள்,
நான் அறுக்கிறேன்.

முதுகுப்பைகளுக்குத் தனி வாரம்.
பதினெட்டுக் கிலோ உருளைக்கிழங்கோடு
தாடேய் மாடிப்படி ஏறி இறங்குவான்.
நான் ரப்பர் குழாயால் அவன்மேல் மழை பெய்விப்பேன்.
பை எதையும் ஒளிக்காது.
வார் சரியில்லையென்றால்
மூன்றாம் மாடியில் கழுத்தெலும்பு சொல்லிவிடும்.
தையல் ஒழுகினால்
உள்ளே மடித்து வைத்த செய்தித்தாள் சொல்லிவிடும்.
தேறிய பையை அப்படியே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.
ஒருமுறை போனான், கிழங்கையும் சேர்த்து.

கயிறு அப்படியில்லை.

மார்ச்சில் ஒரு பொட்டலம் வந்தது.
ஆரஞ்சு நிறம், இரண்டே கோடை பழையது,
தடவினால் ஒரு பிசிறு இல்லை.
முதல் தள்ளலிலேயே
லொய்ஸே மணலில் கிடந்தான்.
கார் டிக்கியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்ததாம்.
ஆவி பட்டாலே போதும்.
கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

என் பச்சைக் கயிறு
போன குளிர்காலம் முழுக்க பிரீனாவின் வேனில் கிடந்தது.
எதற்குப் பக்கத்தில் என்று கேட்டேன்.
"ஸ்கீ, பழைய டயர், என்னென்னவோ. ஏன்?"
ஏன் என்று சொன்னேன்.
"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.
அந்த மாதக் காசில் அவளுக்கு ஒரு பை வாங்க வேண்டியிருந்தது.
ஒரு வாரமாக அதே பையின்
நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு
சூட்டுக்கத்தியால் ஐந்து மீட்டர் வெட்டினேன்.
ஒன்று.
அந்த ஐந்து நிமிடத்தில்
காபி இருப்பதே மறந்துவிட்டது.
இரண்டு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளை
முதன்முறையாக முழுக்கப் படித்தேன்.
ஒன்பதாவதில் அறுந்தது.

"எட்டு தாங்கியது" என்று செய்தி அனுப்பினேன்.
"அப்ப ஞாயிறு?" என்று பதில்.

அந்த ஐந்து மீட்டரைப் பற்றி
எனக்கு எல்லாம் தெரியும்.
அது இப்போது குப்பைத் தொட்டியில் இருக்கிறது.
மீதி ஐம்பத்தைந்தை மேஜையில் சுருட்டி வைத்து
அதன் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
வேனில் எந்தப் பக்கம் மேலே இருந்தது?
எந்த மீட்டர் எதன்மேல் சாய்ந்தது?
வேண்டுமானால் இன்னும் ஐந்து வெட்டலாம்.
பிறகு இன்னும் ஐந்து.
முழுக்கயிறும் நம்பகமானது என்று நிரூபித்து முடிக்கும்போது
கையில் ஒரு சாண்கூட இருக்காது.

சனிக்கிழமை புதியது வாங்கினேன்.
இதே தொகுதியில் வந்த இன்னொன்றை
நானே பதினொன்றில் அறுத்திருக்கிறேன்.
இதை யாரும் தள்ளிப் பார்த்ததில்லை.
அதனால்தான் இது விற்பனைக்கு இருக்கிறது.
"என்ன நிறம்?" என்று கடைக்காரர் கேட்டார்.
எதுவாக இருந்தால் என்ன என்றேன்.
பிரீனா மஞ்சளை எடுத்தாள்.
பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஞாயிறு, பாறையடி, ஈரமான புல்.
அவள் என் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.
நான் அவளுடையதை இரண்டு முறை.
"பிடிச்சிருக்கியா?"
"பிடிச்சிருக்கேன்."
பழைய பையோடு அறுபத்து மூன்று கிலோ.
ஏறத் தொடங்கினாள்.