ஆறு மாதம்

டாங்க்கைக் காலி செய்ததில்
இரண்டு பாட்டில் தேறியது.
ஒன்று மா டின்னுக்கு, டீக்கடன் அதோடு சரி.
மற்றதை விற்றால் பஸ் டிக்கெட்டில் பாதி.

பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஆயில்.
கிக்கரை மெல்ல மிதித்தேன்,
தூங்குகிறவனைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல.
சைலன்சர் வாயில் கிழிந்த லுங்கி:
போன மழைக்கு எலி குட்டி போட்டிருந்தது.

பேட்டரியைச் செங்கமலம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
மோல்மீனில் கரண்ட் போகாத இரவு ஏது,
ஒரு பல்புக்கு ஆகும்.

சக்கரம் தரை தொடாமல் செங்கல் அடுக்கினேன்.
‘ஆறு மாதத்துக்கு
எதுக்கு சிமெண்ட் பூசுற?’ என்றாள்.
கரண்டியைக் கழுவப் போனேன்.

மியாவாடி பஸ்ஸில்
என் கையின் பெட்ரோல் வாசம் தாங்காமல்
பக்கத்து ஸீட்டுக்காரர்
ஜன்னலைத் திறந்தார்.
மழை உள்ளே வந்தது.