கிளிசரால் நீங்கலாக

மதியம் இரண்டு மணி.
ட்ரோம்ஸோவில் சூரியன் எட்டிப் பார்த்து மூன்று வாரமாகிறது.
காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு தூருன்
காட் மீனின் நொதிக்கு
வரி வரியாகத் தோல் போர்த்துகிறாள்:

எல்லாவற்றையும் மறை.
ஏ சங்கிலியை மட்டும் காட்டு.
எதிர்மின்னுக்குச் சிவப்பு, நேர்மின்னுக்கு நீலம்.
நாற்பது சதவீதம் ஊடுருவட்டும் ஒளி.

எழுந்து வருகிறது
கழுவாத இஞ்சிக் கிழங்கு போல் ஒன்று.

உண்மையில் அப்படியொரு தோல் கிடையாது.
தண்ணீர் மூலக்கூறு அளவில் ஒரு பந்தை
அணுக்கள் மேல் உருட்டிவிட்டு,
முட்டிக்கொண்டு நின்ற இடங்களைச் சேர்த்துத் தைத்தது.
இவ்வளவுதான் என்னால் போக முடிந்தது என்று
தண்ணீர் கொடுத்த வாக்குமூலம்.

வினை நடக்கும் பள்ளத்தை மட்டும் காணோம்.
சுழற்றினாள். பெரிதாக்கினாள். நிறத்தைத் திட்டினாள்.
வெள்ளிக்கிழமை படம் போயாக வேண்டும்.

எஸ்பென் அவள் தோளுக்குப் பின்னிருந்து சிரித்தான்:
"படிகம் உறைகையில் வெடிக்காமலிருக்க
நாம்தானே கிளிசரால் ஊற்றினோம்?
அது உள்ளே குடியிருக்கிறது.
நீ அதற்கும் சேர்த்துப் போர்த்திவிட்டாய்."

இரண்டாம் வரியில்
'நீங்கலாக' என்று ஒரு சொல்.

ஓரம் சிவந்த இருட்டு ஒன்று
திரையில் வாய் பிளந்தது.
கோப்புக்குப் பெயர் வைத்தாள்:
கடைசி நான்கு.