இருபது நிமிடம்

ஐந்து ரோடு கடையில் நௌஷாத் கேட்ட முதல் கேள்வி
விலை பற்றியது அல்ல.
"இதுல என்ன ஓட்டப் போறீங்கக்கா?"
என் வீட்டுக்காரரை, என்று வாய் வரை வந்தது.
மூச்சு மெஷின், என்றேன்.

தீர்த்தமலைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும்,
மணிக்கு இருபத்தெட்டு முறை.
பரிசோதனைத் தாளில் அச்சாகி வந்த எண் அது.
அதற்கு முன்னால் பத்து வருஷம்
குறட்டை என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன்.
முகமூடி வந்த பிறகு
ப்ளக் பாயின்ட் இல்லாத இடத்தில்
எங்களுக்கு ராத்திரி கிடையாது.
ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை.
இரும்பாலை ஷிப்ட் முடிந்து வந்து
அதைப் பார்த்தபடியே டீ குடிப்பார்.
"ஒரு தடவை மேல டென்ட் போட்டு..." என்று தொடங்கி
மீதியை டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

மூன்று பெட்டிகளை மேஜையில் வைத்தான் நௌஷாத்.
சின்னது லேசு; நடுராத்திரியில் செத்துவிடும்.
பெரியது வீட்டில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜையே தாங்கும்;
இருபத்தேழு கிலோ,
தூக்க இன்னொரு தீர்த்தமலை வேண்டும்.
நடுவில் இருந்ததன் நெற்றியில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வாட் ஹவர் என்றிருந்தது.

நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
ஈர மாவின் எடையை நம்பி
இதுவரை யாருக்கும் பில் போட்டதில்லை.
காய்ந்தால் எவ்வளவு, என்றேன்.
பையன் விழித்தான், பிறகு சிரித்தான்.
"டிசி ஒயர்ல போட்டா நானூத்தி முப்பது கைக்கு வரும்க்கா.
ஏசின்னா இன்னும் கழியும்."
மூச்சுக்கு முப்பது வாட்.
ஈரப்பதத் தொட்டியைச் சூடாக்கினால் அறுபது.
தொட்டி வேண்டாம், ஒரு ராத்திரி தொண்டை காயட்டும்.
பழைய பில்லின் முதுகில் போட்டுப் பார்த்தேன்:
எட்டரை மணி நேரம், கூடவே ஒரு சின்ன விளக்கு,
விடியும்போது முப்பத்தெட்டு சதவீதம் நிற்க வேண்டும்.
மூவாயிரம் தடவை சார்ஜ் ஏறும் என்றான்.
தினமும் ஒன்று என்று வகுக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

சீட்டு எடுத்த பணம் அங்கேயே போயிற்று.

இருபதாவது கொண்டை ஊசி வளைவில் காது அடைத்தது.
காபித் தோட்டத்து ஓரம் வாடகை டென்ட்.
கீழே வாங்கிய தட்டுவடை செட்
பொட்டலத்திலேயே நமுத்திருந்தது, அதையும் விடவில்லை.
முகமூடியை மாட்டிக்கொண்டு
"யானை மாதிரி இருக்கா?" என்றார்,
பதிலுக்கு முன்னால் தூங்கிவிட்டார்.
நான் தூங்கவில்லை.
எண்பது. எழுபத்தொன்பது.
பால் குக்கர் விசிலுக்குக்கூட
இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒன்றரை மணிக்கு வெளியே ஒரு குரல்.
ஆத்தூர்க்காரப் பெண், தோளில் கைக்குழந்தை,
கையில் பால்புட்டி சூடாக்கும் கருவி.
ஜெனரேட்டரைப் பத்து மணிக்கே நிறுத்திவிட்டார்களாம்.
கருவியைத் திருப்பி அடியில் படித்தேன்: அறுபது வாட்.
பத்து நிமிடம் என்றால் பத்து வாட் ஹவர்.
தீர்த்தமலைக்கு
இருபது நிமிட மூச்சு.
கணக்குப் போட்ட முகத்தை அவள் பார்த்துவிட்டாள் போல,
"பரவால்லக்கா" என்று ஓர் அடி பின்னால் போனாள்.
சொருகு, என்றேன்.
அதட்டுகிற மாதிரி வந்துவிட்டது.

பால் சூடாகும்வரை
இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

விடிந்ததும் முகத்தில் பட்டைத் தழும்போடு எழுந்து
"எவ்வளவு மிச்சம்?" என்றார்.
முப்பத்தாறு.
"உன் கணக்கு முப்பத்தெட்டாச்சே. பெட்டி ஏமாத்துதா?"
இல்லை, காய்ந்ததில் போச்சு, என்றேன்.
அவர் அதற்குள் பனிக்குக் கீழே சேலத்தில்
எங்கள் வீட்டு ஜன்னலைத் தேடத் தொடங்கியிருந்தார்.