பதினாலு

கூடலூர் அரசு மருத்துவமனை, ஆய்வகம்.
இரவு ஒன்றே முக்கால்.
மழை நின்றுவிட்டது. நின்றது தெரியாமல்
சில்வர் ஓக் மரங்கள் தனியே பெய்துகொண்டிருக்கின்றன.

இரண்டு குழாய்கள் வந்தன.
ஒரே லயன், ஒரே கதவு எண்.
புஷ்பகாந்தி, 38. நித்தியகலா, 33.
காய்ச்சல் ஆறு நாள். காய்ச்சல் ஆறு நாள்.
சீட்டு இரண்டிலும் டாக்டர் அனீஸ்
வைரல் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார்.

சுழற்றி எடுத்த ரத்தத்தின் மேல்நீர்
வடிகட்டிய தேநீர்போல் இருந்தது என்று எழுதக் கை போகிறது.
இல்லை, வெளிறிய மஞ்சள்.
இந்த ஊரில் எதைப் பார்த்தாலும்
தேயிலையில் போய் முட்டிக்கொள்ளும் வியாதி எனக்கு.

அந்த மஞ்சளில் ஒரு புரதத்தைத் தேடுகிறேன்.
உடம்பின் ஏதோ ஒரு முடுக்கில் ஒரு செல்
அந்நியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு
இன்டர்லூகின் என்றொரு தந்தி அடிக்கும்.
கல்லீரல் காரணம் கேட்காது;
படித்ததும் அடுப்பை மூட்டிவிடும்.
வந்தது யாரென்று சி.ஆர்.பி.க்குத் தெரியாது.
எவ்வளவு பதறினோம் என்பது மட்டும் தெரியும்.

நித்தியகலா: 186.
புஷ்பகாந்தி: 14.

மறுபடி ஓட்டினேன். 183.
மறுபடி. 14.
பொய் சொல்லாத எண்கள் கொஞ்சம் ஆடும்.
ஆடாத பதினாலைத்தான்
நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போனில் சொன்னேன்.
"நூத்தி எண்பத்தாறு யாரு, அக்காவா?"
"தங்கச்சி."
"தட்டணு?"
"அறுபத்திரண்டாயிரம்."
அப்புறம் கொஞ்ச நேரம்
அவர் குவார்ட்டர்ஸ் தவளைகள்தான் பேசின.

மீதி, சிஸ்டர் லில்லிக்குட்டி சொன்னது.
டார்ச் அடித்துப் பார்த்தார்களாம்,
காதுமடலின் பின்னால், கக்கத்தில், மார்பின் கீழே,
கடைசியில் இடுப்பில்,
படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டும் கயிற்றின் தடத்தில்
பீடி நெருப்பு பட்டதுபோல் ஒரு கருப்பு.
வலியில்லை, அரிப்பில்லை, அதனால் சொல்லவில்லை.
கடுகுக்கும் சின்னதொரு பூச்சிக்குஞ்சு,
கவாத்து மலையில் புல்லிலிருந்து ஏறி
துணி இறுகிய இடத்தில் நின்று
தோலைக் கரைத்துக் குடித்துவிட்டு இறங்கியிருக்கிறது.
அது விட்டுப்போனது வைரஸ் அல்ல.

டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள்.
பக்கத்துக் கட்டிலில்
பாராசிட்டமாலோடு விடியக் காத்திருந்த அக்கா
சேலையைக் கொஞ்சம் தளர்த்தி,
"இது எனக்கும் இருக்கே" என்றாளாம்.

அதே கயிறு, அதே தடம்.

என் பதினாலு அவளை
காலை ஆறரை வண்டியில் வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

இரண்டு பொருக்குகளையும் கோவைக்கு அனுப்பினோம்.
மூன்றாம் நாள் வந்த தாளில்
இரண்டிலும் ஒரே கிருமியின் மரபணு.
ஒரு கிருமி, ஒரு தாய், ஒரு தகப்பன்.
ஒருத்தியின் ரத்தம் ஊரைக் கூட்டியது,
இன்னொருத்தியின் ரத்தம்
பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனது.
கோடிக்கணக்கான எழுத்துகளில்
ஏதோ ஒன்று மாறிக் கிடக்கலாம்;
தந்தி அடிக்கும் இடத்திலோ, படிக்கும் இடத்திலோ.
அதைத் தேட இங்கே கருவி இல்லை.
இருந்தால் மட்டும்
நான் கண்டுபிடித்திருப்பேனா, தெரியாது.

பத்தாம் நாள் மறுபரிசோதனைக்கு
அக்கா மட்டும் வந்தாள்.
தங்கச்சி பேரேட்டில் பெயர் கொடுத்துவிட்டாளாம்,
இன்னொரு நாள் கூலி போகக் கூடாதென்று.
நரம்பு தேடி முழங்கையைத் தட்டும்போது கேட்டாள்:
"பதினாலுன்னா பாஸா, பெயிலா?"

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்துக்கொண்டே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.